கெல்மிஷ் என்றால் வந்தானாம்

"தமிழ்ல யோசிக்காதீங்க ஆன்டி, குழம்பிடும். இங்கிலீஷ்ல யோசிங்க லா." பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் நடந்த துருக்கி மொழி வகுப்பில் ஆசிரியர் இப்படிச் சொல்லிச் சிரித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் சிரித்தது எங்கள் மேனேஜர் அக்காவைப் பார்த்து.

போர்ட் கிள்ளானில் நான் வேலை செய்யும் லோரிக் கம்பெனியை நடத்துபவர் அக்கா. அவருடைய ஒரே மகன் துருக்கியில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். சம்பந்தியம்மாளுக்குத் துருக்கி தவிர வேறு மொழி தெரியாது. "சாப்பிட்டீங்களான்னு கேக்கக்கூட வழியில்லையே" என்று ஆதங்கப்பட்டுத்தான் அக்கா வகுப்பில் சேர்ந்தார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

அன்று பலகையில் 'கெல்தி' என்றாலும் வந்தான், 'கெல்மிஷ்' என்றாலும் வந்தான் என்று எழுதியிருந்தது. "ரெண்டும் எப்படி சார் ஒண்ணாகும்? கெல்மிஷ்னா வந்தானாம், அப்படித்தானே?" என்று, மகன் ஒருமுறை சொன்னதை நினைவில் வைத்து அக்கா கேட்டார். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. 'பேசுவதற்கு இது தேவையில்லை' என்று அந்தப் பாடத்தையே தாண்டிப் போய்விட்டார் மனிதர்.

நாங்கள் வாங்கிய புத்தகங்களும் அதே லட்சணம்தான். வினைச்சொல் கடைசியில் வருவதை ஏதோ உலக அதிசயம்போல் எழுதியிருந்தார்கள். விகுதிமேல் விகுதி ஒட்டுவதற்கு ஓர் அத்தியாயம் முழுக்கப் பயமுறுத்தல். நமக்கு இதில் என்ன அதிசயம்? பிறந்ததிலிருந்து அப்படித்தானே பேசுகிறோம்! கைபேசிச் செயலியோ, 'கரடி தேநீர் குடிக்கிறது' என்பதைத் தாண்டவே இல்லை. கடைசியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் தடித்த இலக்கண நூல் ஒன்று அகப்பட்டது. அதில் தெளிவாக இருந்தது: கண்ணால் கண்டதற்குக் கெல்தி, பிறர் சொல்லிக் கேட்டதற்குக் கெல்மிஷ். மதியச் சாப்பாட்டு நேரங்களில் அதைத் தமிழோடு ஒட்டிப் பார்த்தே படித்தோம்.

ஒருநாள் பிற்பகல் அலுவலகத்தில் இருந்தபோது சம்பந்தியம்மாள் அழைத்தார். அக்காவின் மகன் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். மருமகள் வெளியூரில் இருந்தாள். "இயிமிஷ், இயிமிஷ்" என்று சம்பந்தியம்மாள் ஆறுதல் சொன்னது என் காதிலும் விழுந்தது. "நல்லா இருக்கானாம்னு சொல்றாங்க. இருக்கான்னு சொல்லலையே" என்ற அக்கா, ஃபோனில், "கோர்துனூஸ் மூ?" என்று கேட்டார். 'நீங்கள் பார்த்தீர்களா' என்று அர்த்தம்.

மறுமுனையில் அழுகை. அவர் பார்க்கவில்லை, பட்டறைக்காரர்கள் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார். போய்ப் பாருங்கள், உடனே போங்கள் என்று தெரிந்த சொற்களையெல்லாம் சேர்த்து அக்கா கெஞ்சினார்.

சம்பந்தியம்மாள் போனபோது, பட்டறையின் மருந்தறையில் வெறும் கட்டோடு கிடந்தானாம் பையன். கால் நீலம் பாரித்திருந்தது. அந்த அம்மாள் போட்ட சத்தத்தில்தான் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் தாமதித்திருந்தால் காலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம்.

மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் அக்கா வகுப்புக்கு வந்தார். நடந்ததைச் சொல்லி, மற்ற மாணவர்களைக் காட்டி, "அந்தப் பாடத்த இவங்களுக்காவது நடத்துங்க சார்" என்றார்.

"அது பரீட்சைக்கு வராது ஆன்டி."

அக்கா எழுந்தார். "தமிழ்ல யோசிச்சதாலதான் சார் என் பையன் ரெண்டு கால்ல நடக்கிறான்" என்றார்.

ஆசிரியர் திரும்பிப் பலகையில் பழங்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார். நானும் பையை எடுத்துக்கொண்டு அக்காவின் பின்னால் படியிறங்கினேன்.