பட்டறையில் சிக்காத துவக்கு

மூன்றாம் முறையாக அந்தத் துவக்கு, அதாவது விளையாட்டுத் துப்பாக்கி, எங்கள் பட்டறைக்குத் திரும்பி வந்தபோது, லிண்ட்னர் அம்மையார் அதன் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு உட்காராமலே பேசினார்.

“ஹெர் பிராண்ட், இதை வித்துப்போடுங்கோ. சங்கத்திலயும் சொல்லப்போறன். அணியில என்ர இடத்துக்கு வேற ஆளைப் பாக்கட்டும்.”

அவர் பேசியது ஜேர்மன் மொழி. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அது என் காதில் எங்கள் பேச்சாகவே விழுவதால், அப்படியே எழுதுகிறேன்; ‘ஹெர்’ என்றால் திரு.

பிராண்ட் எங்கள் மைஸ்டர், தொழில் கற்றுத் தேர்ந்த தலைமை வினைஞர். பட்டறையின் உரிமையாளரும் அவரே. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் விடை கைவசம் இல்லை என்று பொருள்.

“திரும்பவும் சிக்கினதோ?” என்று நான் கேட்டேன்.

“சிக்கினதோ எண்டு கேக்கிறியள்! முதல் மகசீன் முடிய முந்தியே ரெண்டு தரம் கையைத் தூக்கிப்போட்டன். குறி தப்பினால் பொறுக்கலாம், ஹெர் நாதன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு இருக்கிறதைத்தான் பொறுக்க ஏலாது.”

அவர் சொன்னதன் பொருளை விளக்க வேண்டும். லிண்ட்னர் அம்மையார் இளமையிலிருந்தே குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபட்டவர். பக்கவாதம் வந்து இடக்கை செயலற்றுப் போனபின், ஒவ்வொரு வெடிக்கும் போல்ட் என்னும் பின்தண்டைக் கையால் இழுக்க வேண்டிய பழைய துவக்கு அவருக்கு உதவவில்லை. அதனால் ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் மகசீன் என்னும் தோட்டாக் கூட்டிலிருந்து தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் சிறுரகத் துவக்கு ஒன்றை வாங்கினார். அதன் முன்பகுதியை மரத்தாங்கியில் வைத்தால் வலக்கை ஒன்றே போதும். ஆனால் தோட்டா சிக்கிவிட்டால் அதை எடுக்க இரண்டு கைகள் வேண்டும். அப்போது அவர் கையை உயர்த்திக் காத்திருக்க வேண்டும். சுடுதளத்தின் பொறுப்பாளர் வந்து எடுத்துவிடுவார். மாத இறுதியில் சங்கங்களுக்கிடையிலான போட்டி இருந்தது. மூவர் அணியில் அவரும் ஒருவர்.

சுடாதவனின் வேலை

அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சியில் சேரும் எங்கள் பிள்ளைகளுக்காக எழுதுவதால், இந்தத் தொழிலுக்கு நான் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் லேத் இயந்திரத்தில் கடைசல் வேலை கற்றவன். ஹம் நகரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டபோது, இரண்டு ஸ்டேசன் தள்ளி இருந்த இந்தப் பட்டறையில் ஆள் தேவை என்று அறிந்தேன். விளையாட்டுத் துவக்குகளைத் திருத்தும் இடம் அது.

“துவக்குப் பட்டறையோ?” என்றார் என் மனைவி. “இஞ்சேருங்கோ, துவக்குச் சத்தம் கேக்கக் கூடாதெண்டுதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்?”

அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. முதல் நாளே பிராண்டிடம், “நான் திருத்துவன். ஆனால் சுடமாட்டன்” என்று சொல்லிவிட்டேன்.

“ஏன்?”

“விரதம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.”

“விரதம் எண்டால் சாப்பாட்டிலதானே?”

“எங்களிட்ட பலவகை இருக்கு.”

அவர் தலையசைத்தார். “சரி. சுடுறது என்ர வேலை. தோட்டாவை மகசீனுக்குள்ள அடுக்கிறது உங்கட வேலை. அதுக்கும் விரதம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ.”

அதுவே எங்கள் நடைமுறையாயிற்று. நான் திருத்தி, நானே மகசீனை நிரப்பிக் கொடுப்பேன். அவர் நிலவறையில் உள்ள, குண்டை வாங்கிக்கொள்ளும் சோதனைக் குழாய்க்குள் சுட்டுப் பார்ப்பார். நான் ஓய்வு பெறும்வரை ஒருநாளும் அவர் என்னைச் சுடச் சொன்னதில்லை. பிறர் அதைக் கேலி செய்யவும் விட்டதில்லை. காலையில் பதிகம் ஓதிவிட்டு ரயிலேறும் ஒருவனுக்கு அப்படி ஒரு முதலாளி வாய்த்தது திருவருள் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

விட்டால்தான் எடுக்கலாம்

இந்த வகைத் துவக்கின் தோட்டா சுண்டுவிரலிலும் சிறியது. அதன் அடியில் மெல்லிய விளிம்பு ஒன்று உண்டு. அந்த விளிம்பில் ஊசி அடித்ததும் அது வெடிக்கும். வெடித்த வேகம் வெற்றுக் கோதைப் பின்னே தள்ள, கோது போல்ட்டைத் தள்ளும். போல்ட்டில் உள்ள சிறு கொக்கி கோதைப் பிடித்து இழுக்க, அது பக்கவாட்டில் வெளியே தெறிக்கும். பிறகு ஸ்பிரிங் போல்ட்டை முன்னே அனுப்பும். போகிற போக்கில் அது மகசீனில் மேலே இருக்கும் தோட்டாவைத் தள்ளிக் குழலுக்குள் சேர்க்கும். விரலின் ஓர் அசைவில் இத்தனையும் நடந்தாக வேண்டும்.

பதிகம் ஓதிப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பாட்டின் கடைசிச் சொல்லில் மூச்சை முழுதாக விட்டால்தான் அடுத்த பாட்டுக்கு முழு மூச்சு வரும். அரைகுறையாக விட்டவனுக்கு எடுப்பதும் அரைகுறையே.

சிறிய தோட்டாவின் வேகம் குறைவு என்பதால், வழியில் எதிர்ப்படும் சிறு தடையும் இந்தச் சுழற்சியைக் குலைத்துவிடும். முதல் முறை துவக்கு வந்தபோது குழலின் வாயில் மெழுகும் கரியும் இறுகியிருந்தன. சுரண்டாமல், தூரிகையால் பொறுமையாகத் துடைத்து எடுத்தேன். இரண்டாம் முறை கொக்கியின் முனை மழுங்கியிருக்கக் கண்டு புதியதைப் பொருத்தினேன், ஸ்பிரிங்கையும் மாற்றினோம். அந்தத் துவக்குக்கு எந்தத் தோட்டா பொருந்துகிறது என்று பிராண்ட் பலவற்றைச் சுட்டுப் பார்த்து, சற்று வேகம் கூடிய ஒன்றைத் தெரிந்து கொடுத்தார். இரண்டு முறையும் எங்கள் நிலவறையில் அது ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. சங்கத்துக்குப் போனதும் சிக்கியது.

இப்போது மூன்றாம் முறை. பிராண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: “விக்கிறதெண்டால் விக்கலாம். ஆனால் சிக்கிற துவக்கை நான் ஒருத்தருக்கும் விக்கமாட்டன். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவகாசம் தாங்கோ.”

“போன முறையும் வெள்ளி எண்டுதான் சொன்னனீங்கள்.”

“எந்த வெள்ளி எண்டு சொல்லேல்லையே.”

அம்மையார் சிரிக்க விரும்பாமல் சிரித்துவிட்டார். அதன் பிறகே நாற்காலியில் உட்கார்ந்தார்.

சமையலறையில் ஒரு கேள்வி

என் மனைவி ஹைம் எனப்படும் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவர். காலை ஷிப்ட் முடித்து வந்து, வாழைக்காய் வெட்டிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

“எந்தக் கை ஏலாது?”

“இடது.”

“பட்டறையில தோட்டாவை ஆர் போடுறது?”

“நான்தான்.”

“ரெண்டு கையாலயும்?”

“பின்னை?”

“அங்க ஆர் போடுறது?”

அதை நாங்கள் கேட்டதே இல்லை. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“எங்கட ஹைமில ஒரு ஐயா இருக்கிறார். சட்டைப் பொத்தானை எப்பவும் மாறித்தான் பூட்டியிருப்பார். சட்டை சின்னனாப் போச்சு எண்டு மகளிட்டச் சொல்லிப் புதுச்சட்டை எடுப்பிச்சம். அதுவும் அப்பிடித்தான். பிறகு ஒருநாள்தான் கண்டன். ஒருத்தரும் பாக்காமல், கதவைச் சாத்திப்போட்டு, ஒரு கையாலதான் பூட்டுறார். சட்டையில என்ன பிழை?”

கண்ணையும் செவியையும் கையையும் தனித்தனியே அழைத்து, அதனதன் பணியைச் சொல்லிப் பாடும் வழக்கம் நம் அடியார்களுக்கு உண்டு. அத்தகைய பாடல்களை நாள்தோறும் ஓதுகிறவன் நான். கைகளின் முறை வரும்போது என் இரு கைகளும் தாமே குவியும். குவிக்க ஒரு கையே உள்ளவர்களைப் பற்றி அந்த மாலைவரை நான் நினைத்ததில்லை.

“நேர கேக்காதேங்கோ,” என்றார் மனைவி. “கேட்டால், எனக்கொரு கரைச்சலும் இல்லை எண்டுதான் சொல்லுவா.”

மூவரும் மகிழ்ந்த சிக்கல்

வெள்ளிக்கிழமை லிண்ட்னர் அம்மையார் வந்தபோது, மேசையில் அவருடைய மகசீனும் வெடிக்காத பயிற்சித் தோட்டாக்களும் இருந்தன. நான் என் இடக்கையை முதுகுப்புறம் ஏப்ரனின் கயிற்றுக்குள் செருகிக்கொண்டேன்.

“ஒண்டு செய்து பாக்கப்போறன். பிழை எண்டால் சொல்லுங்கோ” என்றேன்.

மகசீனை மேசையில் நிறுத்தினேன், சாய்ந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், தோட்டாக்கள் உருண்டு தரையில் விழுந்தன. பிராண்ட் மேசைக்கடியில் புகுந்து பொறுக்கினார். “சுடுறதும் நான், பொறுக்கிறதும் நானோ?” என்று அங்கிருந்து குரல் வந்தது.

அம்மையாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “தள்ளுங்கோ, ஹெர் நாதன். உங்களைப் பாக்கப் பாவமாக் கிடக்கு. உப்பிடி இல்லை.”

அவர் உட்கார்ந்து மகசீனை முழங்கால்களுக்கிடையில் இறுக்கினார். ஒவ்வொரு தோட்டாவையும் பெருவிரலால் நேர் கீழாக அழுத்தி உள்ளே செலுத்தினார். வியக்கத்தக்க வேகம்.

“இப்பிடித்தான். மற்ற ஆக்கள் வர முந்திப் போய், கார் தரிக்கிற இடத்தில இருந்தே...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

பிராண்ட் அந்த மகசீனை வாங்கி விளக்கின்கீழ் பிடித்தார். இருவரும் குனிந்து பார்த்தோம். ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் தனக்குக் கீழே உள்ள தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் அமர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மேலே இருப்பது தடையின்றி முன்னே வழுக்கும். இரண்டு கையால் நிரப்புகிறவன் அறியாமலே தோட்டாவைச் சற்று முன்தள்ளி அமர்த்திவிடுவான். நேர் கீழாக அழுத்தியதால் இங்கே மேல் விளிம்பு கீழ் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது.

மகசீனைத் துவக்கில் பொருத்திப் போல்ட்டை இழுத்துவிட்டேன். முதல் தோட்டா போயிற்று. இரண்டாவது மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

“சிக்கிற்று!” என்று பிராண்ட் கூவினார், வீட்டில் குழந்தை பிறந்துவிட்டதைப் போல. தோட்டா சிக்கியதற்காக நாங்கள் மகிழ்ந்தது அந்த ஒரு நாள் மட்டுமே.

ஆனால் அம்மையாரின் முகம் வாடியது. “அப்ப துவக்கில பிழை இல்லை. பிழை என்னிலதான்.”

“இல்லை,” என்றார் பிராண்ட் உடனே. இம்முறை கண்ணாடியைத் தொடவில்லை. “ரெண்டு கை இருக்கிற ஆக்கள், ரெண்டு கை இருக்கிற ஆக்களுக்கெண்டு செய்த சாமான் இது. உங்களுக்கெண்டு செய்யாதது அவையின்ர பிழை. பாத்துக் கேக்காதது எங்கட பிழை.”

அன்றைய மற்ற வேலைகள் யாவும் தள்ளிவைக்கப்பட்டன. துவக்கின் மரப்பகுதிகளைச் செதுக்குவதில் பிராண்ட் தேர்ந்தவர். ஒரு பீச் மரக்கட்டையில், மகசீன் முன்பக்கம் சாய்ந்து நிற்கும்படி பள்ளம் வெட்டினார். மகசீனின் பக்கவாட்டில் ஒரு குமிழ் இருக்கும். அதைக் கீழே இழுத்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தணியும். அந்தக் குமிழைப் பிடித்து வைக்க ஒரு கொளுக்கியை நான் கடைந்து கட்டையில் பொருத்தினேன். இனி மகசீனைக் கட்டையில் வைத்து, குமிழைக் கொளுக்கியில் மாட்டி, தோட்டாக்களை ஒவ்வொன்றாக விடவேண்டியதுதான். அவை சரிவில் வழுக்கி, ஒன்றன் விளிம்பு ஒன்றன் முன்னாக அமர்ந்துகொள்ளும். கட்டை மேசையில் நகராதிருக்க அடியில் ரப்பர் ஒட்டினோம்.

அம்மையார் ஒரு கையால் நிரப்பினார். நான் போல்ட்டை இழுத்தேன், மீண்டும் இழுத்தேன். மகசீன் வெறுமையாகும்வரை ஒன்றும் சிக்கவில்லை. பிறகு பிராண்ட் மெய்த்தோட்டாக்களுடன் நிலவறைக்குப் போனார். மேலே நின்ற எங்களுக்கு ஒரே சீரான ஒலி கேட்டது.

“வித்துப்போடுறதோ?” என்று ஏறி வந்தபடியே கேட்டார்.

“வாயை மூடுங்கோ, பிராண்ட்” என்றார் அம்மையார்.

கண்ணாடிக்குப் பின்னால்

சுடுதளங்களுக்கு நான் போவதில்லை. அந்தப் போட்டிக்கு மட்டும் பிராண்டுடன் போய், பார்வையாளருக்கான தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். லிண்ட்னர் அம்மையார் அன்று எல்லோருக்கும் முன்னதாக வரவில்லை. எல்லோரும் இருக்கும்போது வந்து, எல்லோரும் பார்க்கக் கட்டையை மேசையில் வைத்து மகசீனை நிரப்பினார். பக்கத்து மேசைக்காரர் தம் மகசீனை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

முதல் சுற்று தொடங்கியது. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் அடுத்ததற்காகக் காது கொடுத்து நின்றேன். கேட்டதும் அதை எண்ணிக்கொண்டேன். வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தேன் என்பதைப் பிராண்ட் என் தோளைத் தொட்டபோதே உணர்ந்தேன். சுற்று முடிந்து, துவக்குகளை வெறுமையாக்கிக் கீழே வைக்கச் சொன்னார்கள். அம்மையார் ஒருமுறையும் கையை உயர்த்தவில்லை.

அப்போது உயர்த்தினார்.

பொறுப்பாளர் விரைந்து ஓடினார். கதவு திறந்திருந்ததால் அம்மையாரின் பேச்சு எங்களுக்கும் கேட்டது.

“உங்களை ஆர் கூப்பிட்டது? ஒண்டும் சிக்கேல்லை. அங்க கண்ணாடிக்குப் பின்னால நிக்கிறாரே ஹெர் நாதன், அவரைக் கூப்பிடுறன்.”

நான் தயங்கித் தயங்கிப் போனேன். அம்மையார் வெறும் மகசீனை என் கையில் வைத்து, கட்டையை என் பக்கம் நகர்த்தினார்.

“ரெண்டாம் சுற்றுக்கு நீங்கள் நிரப்புங்கோ. ஒரு கையால.”

அந்த அணி எத்தனையாவது இடத்தில் வந்தது என்பது எனக்கு நினைவில்லை. நான் கற்றது இது: திருத்திய பொருளை நம் கையில் சோதித்து மனம் நிறைந்துவிடக் கூடாது, அதை நாளும் எடுத்தாளும் கையில் ஒருமுறை பார்க்க வேண்டும். இதை எனக்கு உணர்த்திய மனைவிக்கும், சுடாத என்னை மதித்த மைஸ்டருக்கும், தம் கையை எனக்குக் காட்டிய அந்த அம்மையாருக்கும் நான் என்றென்றும் நன்றியுடையேன்.

அன்று அந்த மேசைமுன் உட்கார்ந்து, இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தோட்டாக்களை ஒவ்வொன்றாக விட்டேன். ஒன்றும் உருளவில்லை.