கபர்னே ஷிராஸும் சாந்தியும்

இன்று என் மேலாளர் வீட்டில் விருந்து. மெல்பேர்னுக்கு வந்தபின் எங்களுக்குக் கிடைத்த முதல் அழைப்பு. வெறுங்கையோடு போகக்கூடாது என்று நானும் மனைவி சாந்தியும் வைன் கடைக்குப் போனோம். இருவரும் வைனை ருசித்ததே இல்லை.

கடைக்காரப் பெண் நீட்டிய போத்தலில் கபர்னே, ஷிராஸ் என்று இரண்டு திராட்சைகளின் பெயர்கள் இருந்தன.

“கலப்படம் போல கிடக்கு. வேண்டாமப்பா,” என்று சாந்தி என் காதில் சொன்னாள்.

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் சிரித்தாள். “ஒரு மிடறு குடித்தால் கபர்னே தொடக்கத்திலும் முடிவிலும் நன்றாக இருக்கும். நடுவில் மட்டும் ஒரு வெறுமை. அதை ஷிராஸ் நிரப்பும். லேபிளில் முதலில் இருப்பதுதான் அதிகம்.”

“அப்ப இதையே எடுங்கோ,” என்றாள் சாந்தி.

விருந்தில் மேலாளர் போத்தலைத் திருப்பிப் பார்த்தார். “எனக்கு வைன் பற்றி ஒன்றும் தெரியாது. லேபிளில் படம் அழகாக இருந்தால் வாங்குவேன்!”

சாந்தி, கையில் ஆரஞ்சுச் சாறோடு, அந்த நடு வெறுமையை விளக்கத் தொடங்கினாள். மேலாளர் புதிதாக வாங்கிய கலர் டெலிவிஷனை விட்டுவிட்டு எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஒரு மிடறு குடித்தார்கள், தலையாட்டினார்கள்.

எங்கள் அலுவலகக் கிறிஸ்மஸ் விருந்துக்கு வைன் தெரிவுசெய்வது இனி அவள் பொறுப்பாம்.

யாழ்ப்பாணத்திலிருக்கும் என் மாமியாருக்கு இதை நான் எழுதவா, உங்களில் யாராவது எழுதுகிறீர்களா?