அரிசி மூட்டையோடு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மும்தாஜ் மேடம்

மும்தாஜ் மேடம் சென்ற வாரம் மாரடைப்பில் காலமானார். சனிக்கிழமை காலை கடை வாசலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் சமீரா கூப்பிட்டாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்று தமிழில் சொன்னாள். எப்போதும் ஆங்கிலத்திலேயே பேசுகிற பெண் அவள். மறுநாள் அவருடைய வகுப்பு நடக்க வேண்டிய நாள். இனி அந்த வகுப்பு என்ன ஆகும் என்ற கேள்வி அப்போதே எனக்கு வந்துவிட்டது. வியாபாரி புத்தி அப்படித்தான் ஓடும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவரிடம் படித்த உங்களுக்கு வகுப்பைத் தெரியும், அது தொடங்கிய விதம் தெரியாது. பாளையங்கோட்டையில் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர், கணவரின் வேலைக்காக இங்கே வந்தவர். அமெரிக்காவில், ஐசலின் ஊரில் இருக்கிற என் மளிகைக் கடைக்கு வந்து பருப்பு எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம காலைல ஒங்க கிடங்கு சும்மாதான கெடக்கு? எனக்குக் குடுங்களேன்."

"என்ன யாவாரம் மேடம்?"

"இங்கிலீஷ்."

"அமெரிக்காவுல வந்து இங்கிலீஷ் விக்கப் போறீங்களா? நல்லா வித்திய போங்க!"

"நம்ம ஆளுகளுக்கு இங்கிலீஷ் தெரியும் அண்ணாச்சி. பாரத்த எங்க எறக்கி வைக்கணும்னுதான் தெரியாது."

பாரம் என்ற சொல்லுக்காகவே கிடங்கைக் கொடுத்தேன். அது எனக்குத் தெரிந்த சங்கதி.

நாம் எல்லா எழுத்தையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலச் சொல்லில் ஓர் இடம் மட்டும் ஓங்கி நிற்கும். வாலில் ஒரு துண்டு ஒட்டினால், சில நேரம் அந்த இடமே மாறிவிடும். இதை அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை. என் கிடங்கிலிருந்து பத்து பவுண்டு பொன்னி அரிசி மூட்டை ஒன்றை எடுத்தார். மூன்று பேரை வரிசையாக நிறுத்தினார்: எ, லெக், ட்ரிக். மூட்டை நடுவில் நிற்கிற லெக்கின் கையில். "எலெக்ட்ரிக்" என்று மூவரும் சொல்ல வேண்டும், மூட்டைக்காரர் மட்டும் ஓங்கிச் சொல்ல வேண்டும். பிறகு கடைசியில் "இட்டி" என்று இரண்டு பேர் வந்து சேர்வார்கள். உடனே மூட்டை ட்ரிக்கின் கைக்கு மாறும், அவரும் "ட்ரிக்" என்ற உச்சரிப்பை விட்டுவிட்டு "ட்ரிஸ்" ஆகிவிடுவார். எலெக்ட்ரிசிட்டி. அதே மூட்டையைக் "கேர்" என்பவர் கையில் கொடுத்து, "ஃபுல்", "நெஸ்" என்று எத்தனை பேரைப் பின்னால் நிறுத்தினாலும் அது அசையாது.

"நெஸ், மென்ட், ஃபுல்லெல்லாம் சாதுவான மருமக மாதிரி. வந்தாலும் பாத்திரம் இருந்த எடத்துலதான் இருக்கும். இக், இட்டி, ஷன் இருக்கே, வந்த மறுநாளே அடுப்ப இடம் மாத்திரும்" என்பார்.

சாஃப்ட்வேர் பிரகாஷ் எப்போதும் கடைசியில்தான் நிற்பார். "மேடம், எனக்கு மட்டும் ஏன் எப்பவும் வெயிட் இல்லாத ரோலே குடுக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டார். "தம்பி, நீ வந்து ஒட்டிக்கிட்டதாலதான் மத்தவன் மூட்ட தூக்குறான். ஒன்ன மாதிரி மேனேஜர் எங்க கெடைப்பான்?" என்றார். அன்று கிடங்கில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஒரு கல்லூரியில் உச்சரிப்பு வகுப்பெடுக்க ஆள் தேடினார்கள். எந்தக் கல்லூரி என்பது இப்போது வேண்டாம். நேர்காணலுக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். திரும்பி வரும்போது காரிலேயே அவர் சொன்னார்: "விதியெல்லாம் சரியாத்தான் சொன்னேன் அண்ணாச்சி. இவங்ககிட்ட படிச்சா இவங்கள மாதிரிதான பேசுவாங்கன்னு நேர்காணல்ல இருந்த ஒரு அம்மா கேட்டுட்டாங்க."

"சரக்கப் பாக்காம சாக்கப் பாத்திருக்காங்க மேடம்."

"சாக்கும் பழசுதான அண்ணாச்சி" என்று சிரித்தார். அதற்குப் பிறகு எங்குமே அவர் விண்ணப்பிக்கவில்லை. பெயர்ப்பலகை வையுங்கள் என்றேன், வேண்டாம் என்றார். பாடத்தை வீடியோ எடுத்து வையுங்கள் என்றேன், என் குரல் எதற்கு என்றார். இத்தனை நல்ல சரக்கு பெயரில்லாமலே போய்விட்டதே என்பது என் மனத்தை விட்டுப் போகவில்லை. கடை வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய வருத்தம் இல்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது பிரகாஷ் என்னிடம் வந்தார். "அங்கிள், கிளாஸ விட்டுற வேணாம். ரூல்ஸ் எங்களுக்குத் தெரியும். சொல்லிக் காட்டத்தான் ஆள் இல்ல." எல்லோரும் சமீராவைப் பார்த்தோம். இங்கேயே பிறந்து வளர்ந்தவள்; அவள் வாயில் பாரம் தானாகவே சரியான இடத்தில் விழும்.

மூன்று நாள் கழித்து அவளே கடைக்கு வந்தாள். "அங்கிள், ஐ டோன்ட் நோ எனி ரூல்ஸ். ஐ ஜஸ்ட் சே இட்" என்றாள். பிறகு, தான் பள்ளியில் படித்தபோது ஆசிரியர்களைப் பார்க்கப் போன இடத்தில், "மாம், ப்ளீஸ், நீ பேசாத. அப்பா பேசட்டும்" என்று அம்மாவிடம் சொன்னதைச் சொன்னாள். "ஷி நெவர் டாக்ட் அட் மை ஸ்கூல் அகெய்ன். கிளாஸுக்கு நான் ஒரு தடவகூட வந்ததே இல்ல அங்கிள்." கவுண்டரில் வைத்திருந்த கையை அவள் எடுக்கவில்லை. நான் ஆறுதல் சொல்லத் தெரிந்தவன் அல்ல. "அழு தாயி, அழுதுட்டு உள்ள வா, பேசுவோம்" என்றேன்.

யாரையும் திருத்துவதற்கு முன்னால் மும்தாஜ் மேடம் கிடங்குக் கதவைச் சாத்துவார். "தப்பு நாலு பேருக்குள்ள இருக்கட்டும், தெருவுக்குப் போக வேணாம்" என்பார். இன்று என் கடையில் யாரைக் கண்டித்தாலும் உள்ளே அழைத்துப் போய்த்தான் கண்டிக்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தப் பழக்கம். பிரகாஷையும் வரவழைத்து, சமீராவோடு உட்கார்ந்தபோதும் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினோம்.

முடிவானது இது. ஞாயிறு காலை கடை திறக்கும்வரை கிடங்கு வகுப்புக்கு, வாடகை கிடையாது. விதியைப் பழைய மாணவர்கள் விளக்குவார்கள், சொல்லைச் சமீரா சொல்லிக் காட்டுவாள். விளக்கம் கேட்பதும் பதில் சொல்வதும் தமிழில். அவள் தமிழைக் கேட்டு இவர்கள் சிரிக்கக் கூடாது. இவர்கள் ஆங்கிலத்தைக் கேட்டு அவள் சிரிக்கக் கூடாது. முதலில் மூன்று மாதம். பிறகு மறுபடி உட்கார்ந்து பேசிக்கொள்வது.