தட்டின் மறுபக்கம்

மகள் வாங்கிவந்த கேசட்டில் அந்தப் பாட்டு தொடங்கியதுமே காசிம் மாமாவின் மேல் எனக்குப் பழைய எரிச்சல் மூண்டது. என் சின்ன வயதில் கோரிப்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் சோடாக்கடை வைத்திருந்தவர் அவர். கடை இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ்.

கடையில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்கு மேல் அடங்காது என்று அந்தப் படப்பாட்டை இரண்டாக வெட்டி இரு பக்கமும் பதித்திருந்தார்கள். சண்டைக்குப் போன புருஷன் உயிரோடிருக்கிறானா என்று நாயகி நிலாவைக் கேட்பதோடு முதல் பக்கம் முடிந்துவிடும். பதில் மறுபக்கத்தில். பெண்பிள்ளைகளான எங்களை வீட்டில் சினிமாவுக்கு அனுப்ப மாட்டார்கள். அந்தத் தட்டை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

மாமாவோ அந்திக்கு விளக்கேற்றும்போதுதான் பாட்டு வைப்பார். முதல் பக்கம் முடிந்ததும் தட்டைத் துணியால் துடைத்து, சாவி கொடுத்து, ஊசியைக் கழற்றி, புது ஊசியை விளக்கில் காட்டிக் காட்டிப் பார்த்து...

"சீக்கிரம் திருப்பிப் போடுங்க மாமா!"

"இருத்தா, தேஞ்ச ஊசிய வச்சா தட்டு கீறிப்போகும்ல?"

அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு கேட்கும். அவர் பெட்டியை மூடிவிட்டுத் தொழப் போய்விடுவார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டும். மறுநாளாவது மறுபக்கத்தைப் போடுவாரா? பாதியிலிருந்து வைப்பது பாட்டுக்கு மரியாதை இல்லையாம். மறுபடியும் முதல் பக்கம், மறுபடியும் துணி, ஊசி, பாங்கு.

கேசட்டில் நாயகி நிலாவைக் கேட்டு முடித்தாள்.

"ஏம்மா எந்திரிச்சிட்டீங்க? இன்னும் பாட்டு முடியலயே" என்றாள் மகள்.

முக்காட்டை இழுத்துவிட்டபடி நான் வாசலில் நின்றிருந்தேன்.