காத்திருந்த முயல் அட்டை

வகுப்பில் எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே பாடத்தை நடத்துவது நியாயமா, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது நிற்கிற இடத்திலிருந்து நடத்துவது நியாயமா? என் மகளுக்கு அம்மை போட்டதிலிருந்து யோசிக்கிறேன், விடை பிடிபடவில்லை.

மாமல்லபுரத்தில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். அவர்கள் கோயில் போகும் வழியில் சிப்பி பொம்மைக் கடை வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணும் என் மகளும் இரண்டாம் வகுப்பு. என் மகள் மெட்ரிக் பள்ளி, அவள் அரசுப் பள்ளி. அங்கே அட்டை வைத்துச் சொல்லிக்கொடுப்பது வந்த புதிது. அட்டைக்கு ஒரு பிராணிப் படம்; அவரவர் வேகத்தில் ஒரு அட்டையை முடித்தால்தான் அடுத்த அட்டை.

இருவருக்கும் ஒன்றாக அம்மை போட்டது. ஒரே பாயில் படுத்துச் சண்டை போட்டார்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு ஒரே நாளில் பள்ளிக்குப் போனார்கள்.

மாலையில் பக்கத்து வீட்டுப் பெண் குதித்துக்கொண்டு வந்தாள். "அத்த, என் முயல் கார்டு அப்படியே கீது! வுட்ட எடத்துலேர்ந்து போட்டேன்."

என் மகள் பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு கழித்தலை முடித்துப் பெருக்கலுக்குப் போயிருந்தது. "என் கழித்தல் எங்கம்மா போச்சு?"

நானே சொல்லிக்கொடுத்தேன். "மிஸ் இப்படிப் போட மாட்டாங்க" என்று அழுதாள். நான் போட்ட முறை சரிதானா என்று எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் இருவரும் சேர்ந்து கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை செய்தார்கள். முயலுக்குக் காது சரியாக வராததால் நண்டு வரைந்தார்கள். அரசுப் பள்ளியில் இருப்பதுபோலச் சுவரில் முழங்கால் உயரத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டு, அதுதான் கரும்பலகை. "நண்ட முடிச்சாத்தான் மீனு, சொல்லிட்டேன்!" என்று பக்கத்து வீட்டுப் பெண் மிரட்டியதில், என் மகளுக்குச் சில நாளில் கழித்தல் வந்துவிட்டது.

ஜூனில் இவளையும் அந்த அரசுப் பள்ளியில் சேர்த்தால் என்ன? அதைக் கேட்கத்தான் சுவரோரம் போனேன். அவள் அம்மா முந்திக்கொண்டார்.

"அக்கா, உங்க ஸ்கூல்ல எம் பொண்ணுக்கு ஒரு அப்ளிகேஷன் வாங்கினு வரியா?"

"ஏன்? அங்க நல்லாத்தானே படிக்கிறா?"

"நல்லாத்தான் படிக்குது. உம் பொண்ணு கடைக்கு வந்தா வெள்ளக்காரங்க கிட்ட இங்கிலீஷ்ல வெல சொல்லுது. இது பக்கத்துல நின்னு முழிச்சிகினு கீது."

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாத்தினு போனா, அடுத்த வருசமும் இதே செவுத்தாண்ட நின்னு பேசிகினு இருப்போம்க்கா!"

அப்ளிகேஷன் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவரும் இன்னும் நிரப்பவில்லை, நானும் முடிவெடுக்கவில்லை. ஜூன் நெருங்குகிறது. மாற்றினால் ஆங்கிலம் போய்விடுமோ, மாற்றாவிட்டால் அடுத்த காய்ச்சலில் எந்தப் பாடம் போகுமோ என்று இருக்கிறது. அட்டையில் படித்த பிள்ளைகள் அட்டை இல்லாத ஐந்தாம் வகுப்புக்குப் போனதும் எப்படிச் சமாளிக்கிறார்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்தே சொல்லுங்கள், படித்துக் காட்டுகிறேன்.