பேரே எழுதாத பதினெட்டுச் சீட்டு

நான் இப்ப சொல்லப்போறது அத்தனையும் நெசம். எங்க கடைக்கு எதுக்க இருக்குற ஸ்கூல்ல நடந்தது. ஆனா நான் முட்டை ரொட்டி போட்டுப் பொழைக்கிறவ. ஒரு கரண்டி மாவக் கல்லு முழுக்க இழுக்குறதுதான் தொழிலு. அங்கங்க கொஞ்சம் இழுத்திருப்பேன், கண்டுக்காதீங்க.

ஸ்கூல் கேட்டுல நிக்கிறவரு லாய் அண்ணன். முன்ன வாத்து மேய்ச்சவரு, இப்ப ஒம்பது வருசமா புள்ளைங்கள மேய்க்கிறாரு. அவரு வயிறு கேட்டுக்கு வந்து ரெண்டு நிமிசம் கழிச்சுத்தான் அவரு வருவாரு. மறந்துட்டுப்போன குடைய மோந்து பாத்தே எந்தப் புள்ளையோடதுன்னு சொல்லிருவாரு.

மத்தியானம் சாப்ட்டதும் புள்ளைங்க எல்லாம் மேசைல தலைய வச்சு அரமணி நேரம் தூங்கணும். தூங்காதவங்க பேர கிளாஸ் லீடரு சீட்டுல எழுதணும். பதினெட்டு கிளாஸ் சீட்டையும் வாங்கி ஆபீசுல சேக்குறது லாய் அண்ணன் வேல. எம்பொண்ணு யாஹுயி பேரு தெனமும் இருக்கும். பரீட்சை பயத்துல இருபத்திமூணு நாளா அவளுக்கு ராத்திரியும் தூக்கமில்ல, பகல்லயும் இல்ல. சோறு எறங்கல. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு.

"தங்கச்சி, இன்னைக்கும் கண்ண முழிச்சுட்டேதான் படுத்திருந்தா"ன்னு லாய் அண்ணன் வந்து சொல்வாரு. அவ பேர மட்டும் ரப்பர் வச்சு அழிச்சுட்டுத்தான் சீட்டக் குடுப்பாரு.

சந்திரப் புத்தாண்டு லீவுக்கு முந்தி, கடைசிப் பரீட்சை நாளு. தூக்கம் முடிஞ்சதும் மூணாவது பேப்பரு. தானா அடிக்கிற மணி அந்த வாரம்தான் கெட்டுப்போச்சு. ஒண்ணு பத்துக்கு லாய் அண்ணன் கையாலதான் பட்டன அமுக்கணும். அவரோட அடுத்த வருச வேலைக்குப் பிரின்சிபால் கையெழுத்துப் போடுறதும் அன்னைக்கு சாயங்காலம்தான். போடலன்னா மறுபடி வாத்துதான்.

ஒண்ணேகாலாச்சு. மணியக் காணோம். ஒண்ணரையாச்சு. ரெண்டாச்சு. கடைல ரொட்டி சுடுற சத்தம் எனக்கே பெருசாக் கேக்குது. ஸ்கூல்லேர்ந்து கொறட்ட வந்து எங்க கடைப் பலகைய ஆட்டுது.

ரெண்டே முக்காலுக்குக் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கிட்டுத் தெருவுக்குள்ள வந்துச்சு. எங்க ஊர்ல பொணம்கூட அந்தப் பாட்டக் கேட்டா குப்பைப் பையத் தூக்கிட்டு ஓடும். மொதல்ல ஓடி வந்தது பிரின்சிபாலுதான். காலு ஒண்ணுல செருப்பு, கைல ஆபீஸ் குப்பைக்கூடை, கன்னத்துல நோட்டுக் கம்பி வரி வரியாப் பதிஞ்சிருக்கு. கேட்டுக்கு வந்தப்பறந்தான் முழிப்பு வந்துச்சு.

"லாய், மணி என்னாச்சு?"

"பதினெட்டுச் சீட்டும் வெறும் சீட்டு சார். ஒரு பேரு இல்ல. எட்டிப் பாத்தா பேரு எழுதவேண்டிய லீடருங்களே தூங்குறாங்க. அந்த யாஹுயி புள்ள வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குது. பட்டன்ல கை வச்சேன், அமுக்க வரல."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"வந்தேன் சார். ரெண்டு தடவ கதவத் தட்டுனேன். 'இன்னும் அஞ்சு நிமிசம், அம்மா'ன்னீங்க."

மேல நிமிந்து பாத்தா ஜன்னல் பூரா புள்ளைங்க. கன்னத்துல கன்னத்துல சட்டைப் பட்டன் அச்சு. வாத்தியாருங்க கன்னத்துலயும்தான். பிரின்சிபாலு தன் கன்னத்தத் தடவிப் பாத்தாரு. "மூணாவது பேப்பரு நாளைக்கு"ன்னாரு. அப்புறம், "எங்கய்யா உன் காயிதம்?"னு கேட்டு, குப்பைக்கூடையக் கவுத்து வச்சு அது மேலயே கையெழுத்துப் போட்டாரு. சரி, கூடை விசயத்துல கொஞ்சம் இழுத்துட்டேன். கையெழுத்து நெசம்.

யாஹுயி கடைக்கு வந்தா. கன்னத்துல சட்டைக்கை மடிப்பு ரயில்பாதை மாதிரி ஓடுது. "அம்மா, பசிக்குது"ன்னா. அந்தச் சொல்லக் கேட்டு எத்தன நாளாச்சு தெரியுமா? பதினோரு ரொட்டி தின்னா. சரி, நாலு. நான் கல்லுப் பக்கம் திரும்பிக்கிட்டேன், வெங்காயம் நறுக்குற மாதிரி. அன்னையிலேர்ந்து கல்லுல விழுற மொத ரொட்டி லாய் அண்ணனுக்குத்தான். நான் உசுரோட இருக்குற வரைக்கும் அப்படித்தான்.

"நல்லா பூ சுத்துற"ன்னா, இத்தனையும் கடைல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்த சூ அக்கா. பக்கத்துல முடி வெட்டுற கடை வச்சிருக்கா. "அந்தாளு மனசு வராம ஒண்ணும் மணியடிக்காம விடல. அவரும் தூங்கிட்டாரு. மறுநா முடி வெட்ட வந்தப்ப நெத்தில மணி பட்டனச் சுத்தியிருக்குற வளையத்தோட அச்சு வட்டமா இருந்துச்சு, நான் பாத்தேன்."

"அது தொப்பி அச்சு"ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

"தொப்பி வட்டமா ரூபாக்காசு அளவுலயா இருக்கும், மாமா?"

"உனக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா போன மாசம் என் காத வெட்டியிருப்பியா?"

"காத ஆட்டுனது யாரு?"

சோயாப் பாலு அடிபிடிக்குது. ஒருத்தரும் எறக்கல. லாய் அண்ணன் வேற ரொட்டி வாங்கத் தெருவத் தாண்டி வந்துக்கிட்டிருக்காரு, சூ அக்கா கத்திரியோட எந்திரிச்சு, "இதோ வராரு, நெத்தியப் பாத்துருவோம்"ங்குறா.