காலணி விழா மாமாவும் கன்றுக்குட்டியும்

நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் கட்டியிருக்கும் பிளெக்ஸ் துண்டில் ஒரு காதும் பாதி மீசையும்தான் இருக்கின்றன. "யாருப்பா இவரு?" என்று நீங்கள் இருவரும் எத்தனையோ முறை கேட்டுவிட்டீர்கள். யாரென்று எனக்கும் தெரியாது பிள்ளைகளே. ஆனால் அந்த மீசை எப்படிப் பாதியானது என்று தெரியும். அது உங்கள் அத்தையின் கதை.

கல்யாணத்துக்கு முன்பு நான் கருவடிக்குப்பத்தில் அக்கா வீட்டில், அதாவது உங்கள் அத்தை வீட்டில் தங்கி, உழவர்கரையில் பிளெக்ஸ் அச்சடிக்கும் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அக்காவுக்கு ஒரு பசு. தெருவுக்குப் பால் ஊற்றித்தான் குடும்பத்தை ஓட்டினாள். முந்தைய கோடையில் அதன் கன்று செத்துப்போனது. நோய் எதுவும் இல்லை, சூடு தாங்கவில்லை என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மறு வருடமும் பசு கத்திரி வெயிலில்தான் ஈன்றது. கிடேரிக் கன்று. "இதுவும் போச்சுன்னா மாட்டையே வித்துட்றேன்டா. இன்னொரு தபா என்னால பாக்க முடியாது" என்றாள் அக்கா.

கன்றின் கொட்டகை தாழ்வாகத் தகரம் போட்டு இறக்கியது. வெயில் உள்ளே விழாமல் அடைத்துவிட்டால் போதும் என்று இருவரும் நினைத்தோம். அந்த வாரம் கடையில் ஒரு பெரிய பிளெக்ஸ் வீணாகியிருந்தது. காதணி விழாவுக்கு அடித்தது. ஓர் எழுத்து மாறி 'காலணி விழா' என்று வந்துவிட்டது. கீழே தாய்மாமன் கூப்பிய கையும் முறுக்கிய மீசையுமாக நின்றார். முதலாளி தூக்கிப்போடச் சொன்னதைச் சுருட்டிக்கொண்டு வந்து கொட்டகையைச் சுற்றிக் கட்டினோம். மாமாவின் முகம் கிழக்கே, தெருவைப் பார்த்து அமைந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரல்லவா, பால் வாங்க வந்த எதிர்வீட்டுக்காரர் பிரான்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவர். மாமாவுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துப் பிரெஞ்சில் வணக்கம் வைத்தார். "போன்ழூர் முசே! எந்தக் கடை செருப்பு?" அக்காவுக்குச் சிரிப்பில் பால் சிந்திவிட்டது.

மறுநாளே அந்தச் சிரிப்பு நின்றது. கன்று நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. எச்சில் ஒழுகியது. மடியில் விட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாயோ வெளியே வேப்பமர நிழலில் சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் நிழலில்தான் இருக்கின்றன, பிறகேன் இப்படி? அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து கொட்டகைக்குள் போய்க் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் கூப்பிட்டும் வரவில்லை. வெளியே வந்தபோது சேலை முழுக்க நனைந்திருந்தது.

"டேய், உள்ள வெயிலே இல்லடா. ஆனா இட்லிப் பானை மாதிரி வேகுது! கடலோரத்துல வேர்வை காயணும்னா காத்து வேணும். அந்தக் காத்த இந்த மாமா மூஞ்சிய வெச்சு அடைச்சிட்டமே!"

கத்தியை எடுத்து வந்து மாமாவின் முகத்தின் நடுவிலேயே கிழித்தாள். அப்படிக் கிழித்தெடுத்த துண்டுதான் இப்போது நம் மாடியில் இருப்பது. கிழக்குப் பக்கம் திறந்தது. உச்சிப்பொழுதுக்கு மேல் வரும் கடல்காற்று நேராக உள்ளே புகுந்தது. சாயங்கால வெயிலுக்காக மேற்கில் மட்டும் மறைப்பை விட்டுவைத்தோம். தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பினோம். கன்றுக்கென்று ஒரு வாளித் தண்ணீர் வைத்தோம். பொழுது சாயும் நேரத்தில் அது எழுந்துபோய்த் தாயின் மடியை முட்டியது. "குடிக்குதுடா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கையை நக்கியதே, அந்தக் குட்டி, இந்தக் கன்றின் பேத்தி. இப்போது அக்கா வீட்டுக்குக் கிழக்கே மாடிவீடுகள் எழும்பிக் கடல்காற்றைப் பாதி மறித்துவிட்டன. வெயிலும் முன்னைவிட ஏறிவிட்டது. அக்கா தாழ்ந்த தகரத்தைப் பிடுங்கிவிட்டு, உயரமாகக் கீற்றுக் கூரை போட்டு, நாலு பக்கமும் திறந்துவிட்டிருக்கிறாள். "வெயிலு ஏறுச்சுன்னா நாமளும் கூரைய ஏத்துவோம்" என்கிறாள்.

மதியத்தில் நம் மாடியில் அந்தத் துண்டு படபடக்கும்போது, "மாமாவுக்குக் கோவம்பா, மீசை துடிக்குது" என்று சிரிக்கிறீர்கள். கோபமில்லை பிள்ளைகளே. கடல்காற்று வந்துவிட்டது. அத்தை வீட்டுக் கன்று இந்நேரம் காலை நீட்டிப் படுத்திருக்கும்.